வீட்டருகே ஒரு சந்தேகத் தீ: நிருபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தான் குடியிருக்கும் தெருவிலேயே ஒரு கட்டடம் எரிந்துபோய், அது தானாகப் பற்றிய தீ அல்ல என்ற பேச்சு மறுநாள் காலைக்குள் பரவிவிட்டால், அதை விசாரித்து எழுத வேண்டிய நாளிதழ் நிருபரின் நிலை மற்ற நாட்களைப் போன்றதல்ல. எரிந்த வீட்டாரை அவருக்குத் தெரியும், சந்தேகிக்கப்படுபவரையும் தெரிந்திருக்கலாம், செய்தி வெளியான பிறகும் அவர்கள் நடுவில்தான் அவர் வாழ்ந்தாக வேண்டும். அருகில் இருப்பது வசதிதான். ஆனால் தான் கண்டதையும் கேட்டதையும் பிறர் சொல்லைப் போலவே ஐயத்துடன் சோதித்துப் பார்க்கும் நிருபருக்கு மட்டுமே அது வசதி என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கருத்தின் மீது நின்று எழுதப்பட்டவை.

என் தெருவில் நடந்த தீயைப் பற்றி நானே எழுதலாமா?

எழுதலாம், சில நிபந்தனைகளுடன். எரிந்த இடத்தில் உங்களுக்கோ உங்கள் குடும்பத்துக்கோ பங்கு, வாடகை, கடன், வழக்கு, பகை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்தச் செய்தியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. அப்படி எதுவும் இல்லை, தெருக்காரர் என்ற உறவு மட்டுமே உண்டு என்றால், அதை முதல் நாளே ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். செய்தியிலும் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுவது நல்லது, ஏனெனில் வாசகர் அதைப் பின்னால் வேறொருவர் வாயிலாக அறிந்துகொண்டால் நீங்கள் எழுதிய உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்.

தீயை நேரில் பார்த்திருந்தால் நீங்கள் முதலில் சாட்சி, அதன் பிறகுதான் நிருபர். அன்றிரவே, எவரிடமும் பேசுவதற்கு முன்பாக, நீங்கள் கண்டதை மட்டும் தனித் தாளில் எழுதி நேரம் குறிப்பிட்டு ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். எந்தச் சன்னலில் முதலில் தீ தெரிந்தது, காற்று எந்தப் பக்கம் வீசியது, கதவு திறந்திருந்ததா, யார் யார் அங்கே நின்றிருந்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். காரணம் இதுவாக இருக்கும் என்ற ஊகத்தை அதில் சேர்க்காதீர்கள். பிறரிடம் பேசப் பேச அவர்கள் பார்த்தது நாம் பார்த்ததோடு கலந்துவிடும், கலந்தது நமக்கே தெரியாது. காவல்துறை கேட்டால் அந்தத் தாளில் உள்ளதைத் தெருவாசி என்ற முறையில் சொல்லலாம். நிருபர் என்ற முறையில் பிறர் உங்களை நம்பிச் சொன்னவை அடங்கிய குறிப்பேடு வேறு. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஆசிரியரும் வழக்கறிஞரும் கூடி முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் எழுதிவைத்தால் பிறகு பிரிக்க முடியாது.

முதல் நாள் செய்தியில் 'தீ விபத்து' என்று எழுதுவதில் என்ன தவறு?

நம் நாளிதழ்த் தமிழில் தீ என்ற சொல்லுக்குப் பின்னால் 'விபத்து' தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆனால் விபத்து என்பது ஒரு முடிவு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 'தீவைப்பு', 'நாசவேலை', 'மர்ம நபர்கள்' ஆகியவை அதற்கு நேர் எதிரான தீர்ப்புகள். காரணம் தெரியாத நிலையில் 'தீப்பிடித்து எரிந்தது', 'தீயில் அழிந்தது' என்று எழுதினால் போதுமானது. தமிழ் அதற்கு இடம் தருகிறது. 'மர்மத் தீ' என்ற சொல்லையும் நான் தவிர்ப்பேன், ஏனெனில் அது எதையும் சொல்லாமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

'சந்தேகத்திற்குரிய தீ' என்று எழுதினால், சந்தேகிப்பவர் யார், எதை வைத்துச் சந்தேகிக்கிறார் என்ற இரண்டும் அதே வாக்கியத்திலோ அடுத்த வாக்கியத்திலோ இருக்க வேண்டும். 'என்று கூறப்படுகிறது' என்று முடியும் வாக்கியத்தில் கூறியவர் காணாமல் போய்விடுகிறார். சொல்பவரின் பெயரை வெளியிட முடியாவிட்டாலும், அவருக்கு அது எப்படித் தெரியும் என்பதையாவது வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

'மின்கசிவுதான் காரணம்' என்று அதிகாரி சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிட்டதா?

இல்லை. தீ இன்னும் அணைந்து முடியாத வேளையில் சொல்லப்படும் மின்கசிவு பெரும்பாலும் ஓர் ஊகமே. முதலில், அந்தச் சொல்லே தெளிவற்றது: மின்சாரம் போகக் கூடாத வழியில் கசிவது ஒன்று, இரண்டு கம்பிகள் தொட்டுக்கொண்டு ஏற்படும் குறுக்குச்சுற்று இன்னொன்று, தளர்ந்த இணைப்பு சூடேறிப் பற்றுவது மற்றொன்று. நாளிதழ்கள் இம்மூன்றையும் மின்கசிவு என்றே எழுதிவருகின்றன. எதைச் சொல்கிறார் என்று அதிகாரியிடமே கேளுங்கள்.

அடுத்து, எரிந்த கம்பியின் நுனியில் செம்பு உருகி மணிபோல் திரண்டிருப்பதைக் காட்டி 'இதோ ஆதாரம்' என்பார்கள். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கம்பியின் மேலுறை வேறு ஏதோ ஒரு தீயில் எரிந்தாலும் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு அதே மணியை உண்டாக்கும். ஆகவே அந்த மணி, அந்த நேரத்தில் அந்தக் கம்பியில் மின்சாரம் இருந்தது என்பதற்குச் சான்று. தீ அங்கிருந்துதான் தொடங்கியது என்பதற்கு அது மட்டும் சான்றாகாது. கட்டடத்தின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்ததா, எப்போது துண்டிக்கப்பட்டது என்பது மின்வாரிய ஆவணத்தில் கிடைக்கும். இணைப்பே இல்லாத கட்டடத்தில் மின்கசிவு என்று அறிவிக்கப்பட்டிருந்தால் அதுவே உங்கள் முதல் செய்தி.

எரிந்த இடத்துக்குள் சென்று பார்க்கலாமா?

அதிகாரிகள் அனுமதிக்கும் வரை கூடாது. சுவர் சரியும், தரை இறங்கும், அணைந்த குவியலிலிருந்து கார்பன் மோனாக்சைடு கசியும். பழைய கூரைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதைவிட முக்கியமான காரணம், நீங்கள் மிதித்த சாம்பலும் புரட்டிய பலகையும் பிறகு எந்த நீதிமன்றத்திலும் சான்றாக நிற்காது. வெளியில் நின்று நான்கு பக்கமும் படம் எடுங்கள். எதையும் கையில் எடுக்காதீர்கள். யாராவது எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கருகிய தடங்களைப் பார்த்து, வைத்த தீயா பற்றிய தீயா என்று சொல்ல முடியுமா?

அனுபவசாலிகள் சொல்ல முடியும் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. தரையில் குட்டைபோலத் தெரியும் கருகல் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றியதன் அடையாளம், சன்னல் கண்ணாடியில் வலைபோல் விழுந்த நுண்விரிசல் மிகு வெப்பத்தின் அடையாளம், மரத்தில் பளபளக்கும் கரி எரியூக்கித் திரவத்தின், அதாவது தீயை வேகமாகப் பரவச்செய்ய ஊற்றும் எண்ணெய் போன்றவற்றின், அடையாளம் என்றெல்லாம் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தது. இவற்றில் பலவும் சோதனையில் நிற்கவில்லை என்பதைத் தீயைப் பற்றி எழுதும் நிருபர் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

1990-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரில், லைம் தெரு வீடொன்று எரிந்து ஆறு பேர் இறந்தனர். திரவத்தை ஊற்றித் தீ வைத்ததாக அந்தக் குடும்பத்துத் தலைவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. இடிக்கப்படவிருந்த அதே மாதிரி வீடு ஒன்று பக்கத்திலேயே இருந்ததால், அரசுத் தரப்புக்காக வந்த நிபுணர்கள் அதற்குள் அதே போன்ற சாமான்களை அடுக்கி, சோபாவில் மட்டும் தீயைப் பற்றவைத்துப் பார்த்தனர். எந்தத் திரவமும் ஊற்றாமலேயே சுமார் நான்கரை நிமிடங்களில் அறை முழுவதும் எரியத் தொடங்கியது. 'ஊற்றியதன் அடையாளம்' என்று கருதப்பட்ட தடங்களும் தரையில் விழுந்திருந்தன. வழக்கு கைவிடப்பட்டது.

அங்கே நடந்ததற்கு ஃபிளாஷ்ஓவர் என்று பெயர். மூடிய அறையில் தீ எரியும்போது சூடான புகை கூரையடியில் தேங்குகிறது. அந்தப் புகைப்படலம் 500 முதல் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதன் வெப்பக்கதிர் கீழே உள்ள மேசை, மெத்தை, தரைவிரிப்பு அனைத்தையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றவைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்த இடம் அதிகம் கருகும் என்பதைத் தீ தொடங்கிய இடத்தைவிட, காற்று புகுந்த வழியே பெரிதும் தீர்மானிக்கிறது. வாசலருகே தரை ஆழமாக எரிந்திருப்பதற்குத் திறந்த கதவே போதும். 2005-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு பயிற்சியில், ஃபிளாஷ்ஓவருக்குப் பின் சுமார் இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்த அறைகளைக் காட்டி, அறையின் எந்தக் கால்பகுதியில் தீ தொடங்கியது என்று 53 விசாரணையாளர்களிடம் கேட்டார்கள். ஒவ்வோர் அறைக்கும் மூன்று பேர் மட்டுமே சரியாகச் சொன்னார்கள். தொடங்கிய இடம் தவறிவிட்டால் அதன்மேல் கட்டப்படும் காரணமும் தவறிவிடும்.

கண்ணாடி விரிசலின் கதையும் இதுவே. 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் குன்றுகளில் பரவிய பெருந்தீயில் எரிந்த வீடுகளுக்குள் யாரும் எரியூக்கி ஊற்றவில்லை. ஆயினும் அங்கே பல வீடுகளில் அதே நுண்விரிசல் காணப்பட்டது. பின்னர் ஆய்வகத்தில் செய்து பார்த்தபோது, சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டுத் திடீரெனக் குளிர்வதே அந்த விரிசலுக்குக் காரணம் என்று தெரிந்தது. அதாவது பல ஆண்டுகளாகத் தீயணைப்புக் குழாயின் வேலையைப் பார்த்துத் தீவைப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே அதிகாரி தடத்தைக் காட்டித் தீவைப்பு என்று சொன்னால், அறை ஃபிளாஷ்ஓவர் நிலையை அடைந்ததா, காற்று எங்கிருந்து வந்தது, வேறு எந்தக் காரணங்களை எப்படி விலக்கினீர்கள் என்று பணிவுடன் கேளுங்கள். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1992-இல் முதன்முதலாக வெளியிட்ட 'என்.எஃப்.பி.ஏ. 921' என்ற வழிகாட்டி இன்று பல நாடுகளில் ஒப்பீட்டு அளவுகோலாகப் பயன்படுகிறது. 'விபத்துக்கான காரணம் எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே இது தீவைப்பு' என்ற தர்க்கத்தை அதன் 2011-ஆம் ஆண்டுப் பதிப்பு ஏற்க மறுத்தது. இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தாலே பல தவறான தலைப்புகளைத் தவிர்க்கலாம்.

மண்ணெண்ணெய் வாடை அடித்ததாகப் பலர் சொல்கிறார்கள். அதை எழுதலாமா?

சொன்னவரின் பெயருடன், எப்போது, எங்கே நின்றபோது வாடை அடித்தது என்பதுடன் எழுதலாம். எரியூக்கி இருந்தது என்று நிருபர் தன் வாக்கியமாக எழுதக் கூடாது. விளக்குக்கோ, அடுப்புக்கோ, ஜெனரேட்டருக்கோ எண்ணெய் வைத்திருந்த வீட்டில் எண்ணெய் வாடை வருவது இயல்பு. நெகிழிப் பொருட்களும் செயற்கை இழைகளும் எரியும்போது பெட்ரோலிய வாடையை ஒத்த ஆவிகளை வெளிவிடுகின்றன. புகையின் நிறமும் அப்படித்தான்: கரும்புகை என்றால் எண்ணெய் என்று தெருவில் சொல்வார்கள், ஆனால் மெத்தைப் பஞ்சும் கரும்புகையே விடும்.

உறுதி செய்யும் இடம் ஆய்வகம்தான். எரிந்த இடத்திலிருந்து எடுத்த துண்டுகளைக் காற்றுப்புகாத கலனில் மூடி, கலந்திருக்கும் வேதிப்பொருட்களைத் தனித்தனியே பிரித்து அடையாளம் காட்டும் வாயு நிறப்பிரிகை மற்றும் நிறைமாலைக் கருவியால் சோதித்துப் பார்ப்பார்கள். எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன, எந்த நாளில், எந்தக் கலனில், ஒப்பிட்டுப் பார்க்க எரியாத இடத்திலிருந்தும் எடுத்தார்களா என்று கேளுங்கள். மோப்ப நாய் ஓரிடத்தில் நின்றது என்பது அங்கே மாதிரி எடுப்பதற்கான காரணம். ஆய்வகம் உறுதி செய்யாத வரை அதற்கு மேல் பொருள் கிடையாது.

அக்கம்பக்கத்தார் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

நெருப்பில்லாமல் புகையாது என்று நாம் சொல்லும் பழமொழிதான் தீயைப் பற்றிய செய்திகளில் அதிகம் கேடு செய்தது என்று நினைக்கிறேன். 1871 அக்டோபர் 8 அன்று சிகாகோவில் தொடங்கிய பெருந்தீக்கு, கேத்தரின் ஓ'லியரி என்ற ஏழைப் பெண்ணின் மாடு விளக்கை உதைத்ததே காரணம் என்று செய்தித்தாள்கள் பரப்பின. தீ அவருடைய தொழுவத்திலோ அதன் அருகிலோ தொடங்கியது உண்மை. ஆனால் ஐம்பது பேரிடம் வாக்குமூலம் வாங்கிய அதிகாரபூர்வ விசாரணை, காரணத்தைத் தன்னால் தீர்மானிக்க இயலவில்லை என்றே முடித்தது. பழி மட்டும் 1895-இல் அவர் இறக்கும்வரை விலகவில்லை. நகரமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்மானம் நிறைவேற்றியது 1997-இல்.

மனிதர்கள் பொய் சொல்வதால் மட்டும் இப்படி நேர்வதில்லை. யார் சந்தேகிக்கப்படுகிறார் என்று தெரிந்த பிறகு நினைவே நிறம் மாறுகிறது. 1991 டிசம்பர் 23 அன்று டெக்சாஸின் கோர்சிகானாவில் ஒரு வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தனர். வெளியே நின்ற தந்தை கேமரன் டாட் வில்லிங்காம் பதறிக் கதறியதாக முதலில் சொன்ன அக்கம்பக்கத்தார், அவர் மீது சந்தேகம் எழுந்த பின், அவர் தன் காரை நகர்த்துவதில்தான் அக்கறையாக இருந்தார் என்று சொல்லத் தொடங்கினர். அதனால்தான் ஒருவரிடம் முதல் நாளும் பத்தாம் நாளும் பேசி, இரண்டையும் தேதியுடன் வைத்திருக்க வேண்டும். 'யார் செய்திருப்பார்' என்று கேட்காதீர்கள். 'எப்போது எழுந்தீர்கள், எதனால் எழுந்தீர்கள், எங்கிருந்து பார்த்தீர்கள்' என்று கேளுங்கள்.

தெருக்காரர்களின் கைபேசிகளில் உள்ள படங்கள் அவர்கள் நினைவைவிட உறுதியானவை. செயலி வழியாக அனுப்பினால் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் பெரும்பாலும் அழிந்துவிடும். அசல் கோப்பையே நகலெடுத்துக்கொள்ளுங்கள். கண்காணிப்புக் கேமராவின் கடிகாரம் பல இடங்களில் தவறாக ஓடுவதால், அதன் திரையையும் சரியான நேரம் காட்டும் கைபேசியையும் ஒரே படத்தில் சேர்த்து எடுத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவசர அழைப்பு பதிவான நேரத்தோடு இவற்றைப் பொருத்தினால், யாருடைய கருத்தும் கலக்காத ஒரு காலவரிசை கிடைக்கும்.

உரிமையாளருக்குக் கடன் இருந்தது, அண்மையில் காப்பீட்டுத் தொகையையும் கூட்டியிருக்கிறார். இது போதாதா?

போதாது. கடன்பட்டவர் வீட்டிலும் அடுப்பு வெடிக்கும். ஆதாயம் யாருக்கு என்பது எங்கே தேடலாம் என்று காட்டுமே தவிர, தீ எப்படித் தொடங்கியது என்று காட்டாது. சொத்துப் பதிவு, அடமானம், நிலுவை வழக்கு, வெளியேற்ற அறிவிப்பு, கட்டட அனுமதி, முன்பு கொடுக்கப்பட்ட புகார்கள் ஆகிய அனைத்தையும் தேடுங்கள். உரிமையாளரோடு நில்லாமல் குடியிருந்தவர், பங்காளி, அந்த இடத்தை வாங்க விரும்பியவர் எல்லோருடைய ஆவணங்களையும் அதே அக்கறையுடன் பாருங்கள். ஒருவரை மட்டும் தோண்டினால் அவரிடம் மட்டும்தான் ஏதாவது கிடைக்கும்.

வைத்தது யார் என்ற தேடலில் கதவு ஏன் பூட்டியிருந்தது என்ற கேள்வி மறந்துபோவதையும் பார்க்கிறோம். 1911-இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்ததற்குப் பூட்டப்பட்டிருந்த கதவு ஒரு பெருங்காரணம். தீயைப் பற்றவைத்தவர் யார் என்பதைவிட அதுவே சட்டங்களை மாற்றியது. உங்கள் தெருத் தீயிலும் அலட்சியத்தின் ஆவணங்கள் தனியே செய்தியாகலாம்.

ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகக் காவல்துறை சொல்கிறது.

'ஒப்புக்கொண்டதாகக் காவல்துறை தெரிவித்தது' என்று எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 1666-இல் லண்டன் பெருந்தீயைத் தானே வைத்ததாக ராபர்ட் ஹியூபர்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்புக்கொண்டு தூக்கிலிடப்பட்டார். தீ தொடங்கி இரண்டு நாள் கழித்தே அவர் லண்டனுக்கு வந்தார் என்பது பிறகு அவரை ஏற்றி வந்த கப்பலின் தலைவர் வழியாகத் தெரியவந்தது. வாக்குமூலத்தில் உள்ள விவரங்கள் தீயின் நேரத்தோடும் இடத்தோடும் பொருந்துகின்றனவா, அவை முன்பே செய்திகளில் வெளியானவையா என்பதைச் சரிபாருங்கள். சம்பந்தப்பட்டவர் சிறுவர் என்றால் பெயரோ, பெயரைக் கண்டுபிடிக்க உதவும் குறிப்போ வரக் கூடாது. உங்கள் தெருவில் 'மூலை வீட்டுப் பையன்' என்பதே முழுப் பெயர்தான்.

உயிரிழப்பு இருந்தால் என்ன கூடுதல் கவனம் வேண்டும்?

தீக்கு முன்பே இறந்தவரா என்பதை உடற்கூறாய்வு பெரும்பாலும் காட்டும்: மூச்சுக்குழாயில் கரி படிந்திருப்பதும், இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பதும் தீயின்போது அவர் மூச்சுவிட்டார் என்பதைக் குறிக்கும். உடல் முட்டியை மடக்கிச் சண்டைக்கு நிற்பதுபோல் கிடந்ததால் போராட்டம் நடந்தது என்று சிலர் சொல்வார்கள். வெப்பத்தில் தசைகள் சுருங்குவதால் ஏற்படும் நிலை அது. அதை எழுதி அந்தக் குடும்பத்தை மேலும் வதைக்காதீர்கள். துக்க வீட்டுக்கு முதலில் தெருக்காரராகப் போங்கள், குறிப்பேடு இல்லாமல். பேசலாமா என்று இன்னொரு நாள் நிருபராகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு வருகைகள் என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மிரட்டல் வந்தால்?

உடனே ஆசிரியருக்கும் காவல்துறைக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்கள் முகவரி எல்லோருக்கும் தெரியும் என்பதால், உணர்ச்சியைத் தூண்டக்கூடிய செய்திகளில் இன்னொரு நிருபரின் பெயரையும் சேர்த்து வெளியிடுவதும், ஆவணங்களின் நகலை அலுவலகத்தில் வைப்பதும் அவசியம். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் அஞ்சினால் செய்தியை வேறொருவரிடம் கொடுப்பதில் இழிவு எதுவும் இல்லை.

வழக்கு முடிந்துவிட்டது. பழைய தீயை மீண்டும் கிளறலாமா?

கிளற வேண்டும், குறிப்பாக யாராவது சிறையில் இருந்தால். மேலே சொன்ன வில்லிங்காமுக்கு, தரையில் இருந்த தடங்களும் கண்ணாடி விரிசலும் தீவைப்பின் அடையாளங்கள் என்ற சாட்சியத்தின் பேரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த அடையாளங்களுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஜெரால்டு ஹர்ஸ்ட் என்ற வேதியியல் அறிஞர் எழுதிய அறிக்கை அதிகாரிகளுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்தும், 2004 பிப்ரவரி 17 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. சிகாகோ டிரிப்யூன் நாளிதழின் நிருபர்கள் வேறு தீ நிபுணர்களிடம் அதே சான்றுகளைக் காட்டி, தீவைப்பு என்ற முடிவு நிற்காது என்று வெளியிட்டது அதே ஆண்டு டிசம்பரில்.

அவர்கள் செய்த வேலை எந்த நாளிதழாலும் செய்யக்கூடியது: விசாரணை அறிக்கை, சம்பவ இடப் படங்கள், நீதிமன்றச் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டி, அந்த வழக்கோடு தொடர்பில்லாத நிபுணர்களிடம் தனித்தனியே கொடுத்துக் கேட்பது. உங்கள் தெருவில் எரிந்த கட்டடத்தின் கோப்பில் எந்த ஆண்டில், எந்த அடையாளத்தை வைத்துத் தீவைப்பு என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காலத்தில் உங்கள் நாளிதழே அதை உறுதியாக எழுதியிருந்தால், அந்தப் பழைய செய்தியின் தேதியும் வாசகமும் புதிய செய்தியின் முதல் சில பத்திகளுக்குள் வர வேண்டும்.